பதினான்காம் வார்டில் களவே இல்லை

வேம்பங்குளத்தில் காலை ஆறரைக்கு வண்ணம் சொல்வார்கள். அந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் இறக்கி வைக்க ஆள் கிடையாது. வீட்டுக்கு வீடு எல்லாரும் சுவர்த்திரைக்கு முன்னால்தான் நிற்பார்கள். மாநிலத்தின் களவுப்படம் வடக்கிலிருந்து தெற்காக மெல்ல இறங்கும். லட்சம் பேருக்கு எத்தனை களவு என்று கணிப்பான் கூட்டிக் கழித்து, வார்டு வார்டாக நிறம் பூசிக்கொண்டே வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு. மூன்றே நிறம்தான். ஆனால் இரண்டாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டில் மனிதருடைய பிழைப்பு மொத்தமும் அந்த மூன்று நிறத்துக்குள் அடங்கிக் கிடந்தது.

பச்சை வார்டுக்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர். மஞ்சளுக்கு ஒரு வேளை. சிவப்புக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை லாரி வரும், அதுவும் வந்தால் உண்டு. சிறுநீரகச் சிகிச்சை நிலையத்தைப் பச்சை வார்டில் மட்டும்தான் திறப்பார்கள். அத்தனை பெரிய கருவிகளைக் களவு நடக்கிற இடத்தில் வைக்க முடியுமா என்று நியாயம் வேறு பேசுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் வார்டின் நிறத்தைக் கேட்டார்கள். இதற்குமேல் என்ன சொல்ல?

வேம்பங்குளம் பதினான்காம் வார்டு பதினோரு வருடமாகப் பச்சை. ஒரு நாள்கூட மஞ்சள் தட்டியதில்லை. "பதினாலு, பச்சை" என்று திரை சொன்னதும் தெருவே ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பால் பாத்திரத்தைப் பார்க்க ஓடும். இந்தப் பச்சைக்கு யார் காரணம் என்று கேட்டால் அத்தனை பேரும் ஒரே பெயரைச் சொல்வார்கள். மகிழினி. வார்டுப் பதிவர். ஐம்பத்திரண்டு வயது, கடுகடுவென்ற முகம், ஆனால் மனசு பஞ்சு.

"எங்க மகியக்கா அந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் நமக்கென்ன குறை?" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் தர்ஷினி கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வாள். அவள் சொல்வதில் அர்த்தமும் இருந்தது. அவளுடைய கணவன் ஷ்ரவன் வாரத்துக்கு மூன்று முறை அந்தச் சிகிச்சை நிலையத்தில் போய்ப் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தான்.

சரி, மகிழினி அப்படி என்ன சாதித்தாள்? திருடனைத் துரத்திப் பிடித்தாளா? அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. புகார் கொடுக்க வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள், அவ்வளவுதான்.

"எடுத்தவனைக் கண்ணால பாத்தீங்களா?"

"இல்ல தாயி. விடிஞ்சு பாத்தா மின்மிதி வண்டியில மோட்டாரைக் காணோம்."

"காணோம்னா தொலைஞ்சதுதான?"

வந்தவர் வாசல் பக்கம் திரும்புவார். வாசலுக்கு வெளியே குழாயடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும். "ஆமா, தொலைஞ்சதுன்னே வச்சுக்க" என்று கைரேகை வைத்துவிட்டுப் போவார். களவுப் பத்தியில் பூஜ்யம், தொலைந்தவை பத்தியில் ஒன்று. தொலைந்தவைக்கு நிறம் கிடையாது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஊர் நல்லதுக்குத்தானே என்று கூடிச் செய்த காரியம் அது, பொய் என்று எவருக்கும் உறைக்கவே இல்லை.

அது செம்புக்குப் பஞ்சம் வந்த காலம். வண்டி, மோட்டார், கம்பி என்று உலகமே மின்சாரத்தில் ஓட ஆரம்பித்த பிறகு பூமிக்குள் கிடந்த செம்பெல்லாம் சுரண்டித் தீர்ந்துவிட்டது. செம்பாகவோ பித்தளையாகவோ ஒரு பொருள் வீட்டில் இருந்தால் அதன்மேல் யாருக்காவது கண் இருக்கும். பதினான்காம் வார்டில் அப்படி அடிக்கடி பறிகொடுத்தவர், வேறு யாருமில்லை, மகிழினியின் கூடப்பிறந்த அண்ணன் பிரணவ்.

பிரணவ் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். வண்டிகளெல்லாம் ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுகிற காலத்தில் டைம் கீப்பர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நகராட்சியும் கேட்டது, இரண்டு முறை அவரை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தது. நிலையத்துத் திரை வாரத்தில் நான்கு நாள் படுத்துக்கொள்ளும். அப்போது சனங்கள் திரையைத் திட்டிவிட்டு அவர் வீட்டுக்கே போய், "பிரணவண்ணே, பரமக்குடி வண்டி எப்ப?" என்று கேட்டார்கள். நூற்றுப்பன்னிரண்டு வண்டிகளின் நேரமும் தடமும் அவருக்கு மனப்பாடம். நேரம் மாறினால் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அத்தோடு சரி. கழுத்தில் ஒரு பித்தளை விசில். மனைவி சஷ்டிகா இறந்து ஒன்பது வருடம். பிள்ளை குட்டி இல்லை. வேலைக்குப் போனால் வீடு பூட்டிக் கிடக்கும், அவ்வளவு போதாதா எடுக்க நினைக்கிறவனுக்கு?

முதலில் கொல்லைக்குழாயின் செப்புத் தலை போயிற்று. பிறகு ஒரு விளக்கு, மின்மிதியின் மோட்டார், ஒரு நாள் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் அந்த விசில். நான்குக்கும் அவர் பதிவகத்துக்கு வந்து "களவு" என்றார். நான்குக்கும் தங்கை "தொலைந்தது" என்று எழுதினாள். "உன் இஷ்டம் பாப்பா" என்று சிரித்துக்கொண்டே கைரேகை வைத்தார்.

ஐந்தாம் முறை அவர் சிரிக்கவில்லை. வேலைக்கு நடுவே வீட்டுக்குப் போனவர், பட்டப்பகல் பதினொரு மணிக்கு நேராக வந்து அவள் மேசைக்கு முன்னால் நின்றார். சட்டை வேர்வையில் ஊறிப்போயிருந்தது.

"குடம் போச்சு பாப்பா."

"எந்தக் குடம்ண்ணே?"

"என்கிட்ட எத்தன குடம் இருக்கு? அண்ணியோட குடம்."

சஷ்டிகாவின் சீர்வரிசையில் வந்த செப்புக் குடம் அது. கழுத்தைச் சுற்றி 'பிரணவ் – சஷ்டிகா, 12.6.2041' என்று பெயர் வெட்டியிருக்கும். மனைவி போன பிறகும் தினமும் அதைப் புளி போட்டுத் துலக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, அதிலிருந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் அவர் வேலைக்குக் கிளம்புவார்.

"இந்தத் தடவ சரியா எழுதிரு," என்றார். "அவ குடத்த நான் தொலைச்சேன்னு எழுதாத. அது மட்டும் வேணாம்."

மகிழினி கணக்குப் போட்டாள். களவுப் பத்தியில் ஒரே ஒரு எண். வார்டு சின்னது, இரண்டாயிரம் பேர்தான்; ஒரு களவு என்றாலே விகிதம் எகிறி மஞ்சளுக்குப் போய்விடும். மஞ்சள் வந்தால் சிகிச்சை நிலையத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள். ஷ்ரவனின் வெளுத்த முகம் கண்முன் வந்தது.

"அண்ணே, தேடுவோம்ண்ணே. நானே வந்து தேடுறேன். இப்போதைக்கு தொலைஞ்சதுன்னு போட்டு வைக்கிறேன். பெறகு மாத்திக்கலாம்."

அவர் சட்டைக் கையால் வேர்வையைத் துடைத்தார். பிறகு பெருவிரலைத் திரையில் அழுத்தினார். "பன்னெண்டு பத்து வண்டிக்கு நேரமாச்சு," என்று போய்விட்டார்.

அந்த எழுத்தை எழுதும்போது அவளுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் களவுநிலை வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. மாநிலம் முழுக்கக் களவு குறைகிறது, தொலைந்தவை மட்டும் மலைபோல் ஏறுகிறது, ஏன் என்று மேலிடத்தில் யோசித்தார்களாம். சனங்களுக்கு மறதி முற்றிவிட்டது என்று முடிவுக்கு வந்தார்களாம்! அடேயப்பா, என்ன மூளை. தொலைந்தவைப் பட்டியலை வைத்தே மறதிப்படம் என்று இன்னொன்று வரைந்தார்கள். ஒரே ஆண்டில் ஐந்து பொருளைத் தொலைத்தவரைப் பரிசோதித்து, மறதிக்காரர்களை வைத்துப் பார்க்கிற நினைவில்லத்தில் சேர்க்க வேண்டும் என்பது உத்தரவு. மகிழினி அதைப் படித்தாள், வயதானவர்களுக்கு நல்லதுதானே என்று நினைத்தாள், அடுக்கில் வைத்தாள், மறந்தாள். ஆமாம், மறந்தவள் அவள்தான்.

குடத்தைப் பதிந்த பதினேழாம் நாள் பரிசோதகர் வந்து இறங்கியபோதுதான் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். பரிசோதகரான நேயா என்ற இளம்பெண் கூடத்தில் உட்கார்ந்து மறதிக்கணிப்பானைப் பெஞ்சில் வைத்திருந்தாள். நல்ல பெண்தான், மரியாதையாகப் பேசினாள்.

முதலில் வண்டிகளைப் பற்றிக் கேட்டாள். நூற்றுப்பன்னிரண்டையும் பிரணவ் வரிசையாக ஒப்பித்தார். கணிப்பான் பச்சை விளக்காக எரிந்து தள்ளியது. மகிழினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன உயிர் பாதி திரும்பியிருந்தது.

"இப்ப உங்க பொருள்களைப் பத்தி, சார். மார்ச் மூணாம் தேதி குழாய்த் தலை என்னாச்சு?"

"கழட்டிட்டுப் போயிட்டாய்ங்க."

சிவப்பு விளக்கு.

"விசில்?"

"எடுத்துட்டாய்ங்க."

சிவப்பு.

"செப்புக் குடம்?"

"களவு போச்சும்மா. நான் எங்கயும் தொலைக்கல."

மறுபடியும் சிவப்பு. நேயா தயக்கத்தோடு கணிப்பானைத் திருப்பிக் காட்டினாள். "சார், பதிவேட்டுல அஞ்சும் தொலைஞ்சதுன்னு இருக்கு. உங்க கைரேகையும் இருக்கு. நடக்காத ஒண்ணு நடந்ததா உங்களுக்கு ஞாபகம் இருக்கு. இதைக் கற்பித நினைவுன்னு சொல்வாங்க. சாதா மறதிய விட இது மோசம் சார்."

"பதிவேடு தப்பா இருந்தா?"

"பதிவேடு எப்படி சார் தப்பாகும்? வார்டுப் பதிவர் எழுதுறது."

பிரணவ் தலையைத் திருப்பிக் கதவோரம் நின்ற தங்கையைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பதினோரு வருடப் பதிவையும் பிரிப்பார்கள். அறுநூற்று நாற்பது தொலைந்தவையும் களவாக மாறும். வார்டு ஒரே நாளில் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். ஷ்ரவன் என்ன ஆவான்? பதினைந்து நாளில் ஏதாவது வழி பண்ணி அண்ணனை வெளியே கொண்டுவந்துவிடலாம், இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அவள் பேசவில்லை.

பிரணவ் பார்வையை எடுத்துக்கொண்டார். "அப்பச் சரிம்மா," என்றார் நேயாவிடம். "எழுதுறது என் தங்கச்சி. அவ தப்பா எழுத மாட்டா. எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சு போல."

அதைத் தங்கையைக் காப்பாற்றச் சொன்னாரா, நிஜமாகவே நம்பிச் சொன்னாரா என்று மகிழினிக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவளைப் பிய்த்துத் தின்றது. அவரை அழைத்துக்கொண்டு வண்டி மாலை நான்கு மணிக்குக் கிளம்பியது.

நினைவில்லம் கடற்கரையோரத்தில் இருந்தது. நல்ல சாப்பாடு, சுத்தமான படுக்கை, கனிவான ஆட்கள். குறை சொல்ல முடியாது. தினமும் காலையில் ஒரு பயிற்சி நடக்கும். 'எனக்குத் தெரியும்' என்று சொல்லக் கூடாது, 'எனக்குத் தோன்றுகிறது' என்றுதான் சொல்ல வேண்டும். முதல் மாதம் மகிழினி பார்க்கப் போனபோது பிரணவ் அவள் காதருகே குனிந்து வண்டி நேரங்களைக் கிசுகிசுத்தார். மூன்றாம் மாதம் பாதியில் நிறுத்திவிட்டு, "சரியான்னு பாத்துக்க" என்றார். ஐந்தாம் மாதம் ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து நாளில் வழி பண்ணலாம் என்று நினைத்தவள் எட்டு மாதமாக ஒரு வழியும் பண்ணவில்லை. காலையில் ஆறரைக்குப் பச்சை என்று திரை சொல்லும்போது அவள் மட்டும் திரையைப் பார்க்காமல் நிற்பாள்.

எட்டாம் மாதக் கடைசியில் கரிசல்பட்டிப் பதிவர் ஆதிரன் அவளைத் தேடி வந்தார். கரிசல்பட்டி என்றால் மாநிலத்துக்கே சிரிப்பு. களவுப்படத்தில் பதினான்கு வருடமாகச் சிவப்பாகவே கிடக்கிற ஊர். ஆதிரன் ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கிற மனிதர். கையில் ஒரு சாக்குப்பை வைத்திருந்தார்.

"செம்பு திருடுற ரெண்டு பேரு சிக்கியிருக்காங்க," என்றார். "கிடங்குல முந்நூறு பாத்திரம். பேரு வெட்டுனதெல்லாம் பாத்துப் பாத்து விலாசம் கண்டுபிடிச்சேன். இது உங்க வார்டு."

சாக்கை விலக்கினார். குடத்தின் கழுத்தில் பெயர் தெரிந்தது. துலக்க ஆளில்லாமல் கறுத்துப்போயிருந்தது.

"எப்படிச் சிக்குனாங்க?" என்றாள்.

"எங்க ஊருல எழுதுவோம் தாயி. எந்தத் தெரு, எத்தன மணி, என்ன பொருளுன்னு எழுதி எழுதி, பன்னெண்டாவது களவுலயே அவங்க வர்ற வழி தெரிஞ்சு போச்சு. அதுக்குத்தான் சிவப்பு." அவர் பேச்சில் கோபமே இல்லை, அதுதான் அவளைச் சுட்டது. "கேட்டேன் அதுல ஒருத்தங்கிட்ட, ஏண்டா பச்சை வார்டுலயா போயிப் போயிக் கைவச்சன்னு. அங்கதான சார் கேஸே வராதுங்கிறான்."

மகிழினி குடத்தைத் தொடப் போனாள். ஆதிரன் அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"குடுக்கணும்னுதான் கொண்டாந்தேன். ஆனா களவுன்னு ஒரு பதிவு இருந்தாத்தான் மீட்ட பொருளைக் குடுக்க விதி. உங்க வார்டுல களவே இல்லையே. அப்ப இது யாருதும் இல்ல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதிவேட்டைத் திறந்தாள். அண்ணனின் ஐந்து பதிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் 'களவு' என்று மாற்றினாள். 'முன்பதிவு தவறு, எழுதியவள் நானே' என்று கீழே சேர்த்தாள். முழுத் தணிக்கை நடக்கும், சம்மதமா என்று பதிவேடு கேட்டது. சம்மதம் என்று பெருவிரலை வைத்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்திருக்க வேண்டிய அந்த முடிவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள், ஆதிரன் வெளியே போய் நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு, "பதினாலு, சிவப்பு" என்றது திரை. ஒரு வீட்டிலும் பாலை இறக்க ஆள் ஓடவில்லை. தெரு முழுக்கத் தீய்ந்த வாசனை. ஏசியவர்கள் ஏசினார்கள், வாசலில் மண்ணை வாரித் தூற்றியவர்களும் உண்டு. அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தர்ஷினி வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவள் ஏசவே இல்லை. சுவரில் சாய்ந்து நின்று, "இனி அவரு எங்க போவாருக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு திரும்பி நடந்தாள்.

வேலையிலிருந்து நீக்கிய உத்தரவும், அண்ணனின் மறதிச் சான்றை ரத்து செய்யும் படிவமும் ஒரே நாளில் வந்தன. படிவத்தில் பிரணவ் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். 'என் நினைவு சரியானது, பொருள்கள் களவு போயின' என்ற ஒரே வரியின் கீழே. போட்டால் அன்றே வீட்டுக்கு வரலாம். அவள் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினாள், பளபளவென்று ஆக்கி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தேறினாள்.

பிரணவ் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். குடத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துபோயிற்று. வாங்கி, கழுத்தைச் சுற்றி வெட்டியிருந்த பெயரை விரலால் தடவினார்.

"கெடச்சிருச்சா! எங்கன வச்சிருந்தேன்?"

"நீ எங்கயும் வைக்கலண்ணே. களவு போச்சு. அஞ்சும் களவுதான். நான்தான் பொய்யா எழுதினேன். திருடனே ஒத்துக்கிட்டான். இந்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. நாம வீட்டுக்குப் போகலாம்."

அவர் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு மடித்து அவள் கையிலேயே வைத்து, அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"எனக்காகப் பழிய உன் தலையில போட்டுக்கிற. சின்னப் புள்ளையிலயும் இப்படித்தான்."

"அண்ணே, சத்தியமா..."

"அழாத பாப்பா. நான் தொலைச்சத நீ தேடிக் கண்டுபிடிச்சிருக்க. அத விட்டுட்டு களவு களவுன்னு உன்னப் போட்டுப் பாடாப்படுத்திட்டேன். மன்னிச்சிரு." குடத்தை அவள் மடியில் திருப்பி வைத்தார். "இது உங்கிட்டயே இருக்கட்டும். இங்க வச்சா மறுபடியும் தொலைச்சிருவேன்."

அவள் கெஞ்சினாள், காலைப் பிடித்தாள், ஆதிரனின் கடிதத்தைக் காட்டினாள். எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. என் நினைவு சரி என்று கையெழுத்துப் போட அவருக்குப் பயமாக இருந்தது. வெயில் சாய்ந்ததும் அவரே எழுந்து வாசல்வரை கூட வந்தார்.

"இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும். வண்டி எத்தன மணிக்கு?"

இப்படி யாரிடமும் அவர் கேட்டு அவள் பார்த்ததில்லை. "நீ சொல்லுண்ணே," என்றாள்.

பிரணவ் நெற்றியைச் சுருக்கிக் கடல் பக்கம் பார்த்தார். "அஞ்சு அம்பதுன்னு தோணுது," என்றார். உடனே தலையை ஆட்டிக்கொண்டார். "என் தோணல நம்பாத பாப்பா. ஸ்டாப்புல யாரையாச்சும் கேட்டுக்க."

நிறுத்தத்தில் திரை உப்புக்காற்றில் செத்துக் கிடந்தது. கேட்க ஆளும் இல்லை. மகிழினி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்து நின்றாள். ஐந்து ஐம்பதுக்கு வண்டி வந்தது.